கணவரின் ஜி.ஐ. பில்: மனைவிக்கா, மகளுக்கா, கொழுந்தனுக்கா?

தாமிரபரணிப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலம் கில்லீனிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ஃபோர்ட் ஹூட்டில் தரைப்படை ஸ்டாஃப் சார்ஜென்ட். சில வாரங்களாக எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்செல்லாம் அவருடைய ஜி.ஐ. பில் பற்றித்தான், அதாவது படையில் பணியாற்றியவருக்கு அரசு தரும், குடும்பத்தாருக்கும் மாற்றித் தரக்கூடிய கல்விச் செலவுப் பலன் பற்றி. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்ல வேண்டும்.

முதலில் எங்கள் நிலைமை. அவர் எம்.எஸ். படிக்க டெக்சஸுக்கு வந்தவர். மாணவர் விசாவில் இருந்தபோதே, 2014இல், மாவ்னி திட்டத்தின் வழியாகப் படையில் சேர்ந்தார். ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்திருந்தால், கிரீன் கார்டு இல்லாதவர்களையும் அந்தத் திட்டத்தில் எடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அடிப்படைப் பயிற்சி முடியும்போதே குடியுரிமையும் கிடைத்தது. 2016க்குப் பிறகு அதில் புதிதாக ஆள் எடுக்கவில்லை. ஆக, அவர் பத்து ஆண்டுப் பணியைத் தாண்டிவிட்டார். இப்போதைய ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. இருபது ஆண்டுகள் முடித்து ஓய்வூதியத்தோடு வெளியே வர வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். இங்கே வந்து உரிமத் தேர்வு எழுதி, இப்போது ஒரு டயாலிசிஸ் மையத்தில் செவிலியராக வேலை செய்கிறேன். விடியும் முன்பே முதல் நோயாளிகள் வந்துவிடுவார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அதே நாற்காலி. பலருக்கும் மூலகாரணம் சர்க்கரை நோய் அல்லது ரத்த அழுத்தம். சிறுநீரகம் கெடுவதற்கு முன்பு, ஆரம்ப மருத்துவத்திலேயே இவர்களை யாராவது உட்கார வைத்து நிதானமாகப் பேசியிருந்தால் பாதிப் பேர் என்னிடம் வந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் நான் இருக்க விரும்புகிறேன். அதற்கு ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் உயர்நிலைச் செவிலியர்) முதுகலைப் படிப்பு வேண்டும். ராணுவத்தினரின் மனைவிகளுக்கான 4,000 டாலர் உதவித் திட்டத்தை விசாரித்தேன். அது சான்றிதழ், உரிமம், அசோசியேட் பட்டம் வரைதான், முதுகலைக்குக் கிடையாது.

என் கணவருக்கோ ஜி.ஐ. பில்லின் 36 மாதப் படிப்புக்கான பலனும் அப்படியே மகளுக்குப் போக வேண்டும். அவளுக்கு இப்போது ஏழு வயது. அவர் வங்கிக் கடனில் படித்தவர். படையில் சேர்ந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டினார். தன் பிள்ளை கடனோடு பட்டம் வாங்கக் கூடாது என்பதில் அவர் உறுதி எனக்குப் புரிகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நானும் இந்தப் படிப்பை நெடுநாள் மனத்தில் வைத்திருக்கிறேன்.

மூன்றாவதாக, ஊரில் கொழுந்தன். திருநெல்வேலியில் பொறியியல் முடித்துவிட்டு இங்கே எம்.எஸ். படிக்க முயல்கிறான். "அண்ணன் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த படிப்பு, கூடப்பிறந்தவனுக்கு ஆகாதா?" என்று அத்தை ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் கணவரின் முதல் ஆண்டுப் படிப்புச் செலவுக்கு அந்தக் குடும்பம் எவ்வளவு இறுக்கிப் பிடித்தது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன செய்வது?

தம்பிக்கு மாற்ற முடியுமா? மனைவிக்கும் மகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாமா? மகள் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் இவர், அது சரியா? ஒருவருக்குக் கொடுத்ததைப் பிறகு திரும்பப் பெற முடியுமா?

பழைய மாலுமி எழுதியது:

சகோதரி, வாழ்த்துகள். சான் டியேகோவிலிருந்து எழுதுகிறேன். கடற்படையில் சீஃப் ஆக இருந்து ஓய்வு பெற்றவன். என் இரண்டு பிள்ளைகளும் இந்தப் பலனில் படித்தார்கள்.

உங்கள் கேள்விகளில் அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "மகள் கல்லூரிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தை உங்கள் கணவர் இன்றே விட்டுவிட வேண்டும். பலனை மாற்றக் கோரும் நாளில் அவர் சீருடையில் இருக்க வேண்டும். முழுநேரப் பணியிலோ தேர்ந்த ரிசர்வ் படையிலோ இருப்பவருக்கு மட்டுமே அந்தக் கதவு திறந்திருக்கும். ஓய்வு பெற்ற மறுநாள் போய்க் கேட்டால், இருபது ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் இல்லை என்றுதான் பதில் வரும். மகள் கல்லூரி சேரும் வயதில் அவர் ஏறக்குறைய ஓய்வு பெற்றிருப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தகுதிக்குக் குறைந்தது ஆறு ஆண்டுப் பணி முடிந்திருக்க வேண்டும். மேலும் நான்கு ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நான்கு ஆண்டும் கோரிக்கை வைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முடிவு நாளையும் தள்ளிவிடும். ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது என்றால், அவர் முதலில் படைப்பிரிவின் கேரியர் கவுன்சிலரைப் பார்த்து, மறுஒப்பந்தமோ நீட்டிப்போ செய்து, அந்த நான்கு ஆண்டை ஈடுகட்ட வேண்டும். இருபது ஆண்டு இருக்கப் போகிறவருக்கு இது பெரிய சுமை ஆகாது.

கோரிக்கையை வைப்பது மில்கனெக்ட் இணையதளத்தில். ஒப்புதல் தருவது அவர் பணியாற்றும் தரைப்படை, வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) இல்லை. வி.ஏ.வின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்: ஒப்புதல் வந்ததும், படிக்கப்போகிறவர் 22-1990இ படிவத்தில் தனியாக விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வி.ஏ. அலுவலகத்தில் போய் நிற்பவர்கள் நிறையப் பேர்.

தம்பி விஷயம். மனத்துக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் நேராகச் சொல்கிறேன்: முடியாது. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், அவ்வளவுதான் சட்டம். உடன்பிறந்தவர்களுக்கு இடமில்லை. பெற்றோர் ராணுவப் பதிவில் சார்ந்தவர்களாக இருந்தாலும் அவர்களுக்கும் இல்லை. உங்கள் மாமியாரிடம் இதை உங்கள் கணவரே சொல்வது நல்லது. மருமகள் தடுத்தாள் என்ற பேச்சுக்கு இடம் வைக்காதீர்கள்.

இனி, பிறக்கப்போகும் குழந்தை. பிறந்தவுடன் டீர்ஸ் எனும் ராணுவக் குடும்பத்தார் பதிவில் சேர்த்துவிட்டு, மில்கனெக்டில் அந்தப் பெயருக்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். ஒரே ஒரு மாதம் போதும். ஓய்வுக்குப் பிறகு, ஏற்கெனவே மாதம் பெற்றவர்களுக்கு இடையே எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். புதிய பெயரைச் சேர்க்க முடியாது. பலன் பெற்றவர் இறந்துபோனால் மட்டும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு தருகிறது. என்னோடு ஒரே கப்பலில் இருந்த நண்பருக்கு மூன்று பிள்ளைகள். மூத்த இருவர் பெயரிலும் மாதங்கள் இருந்தன. கடைக்குட்டி பிறந்த ஆண்டு கப்பல் கடலில் இருந்தது. பிறகு யாருக்கும் நினைவு வரவில்லை. அவன் கல்லூரி போகும்போது மூத்தவன் பயன்படுத்தாத மாதங்கள் மீதி இருந்தும் கடைசிப் பிள்ளைக்கு ஒன்றும் தர முடியவில்லை. அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. நான்கு ஆண்டு வாக்கை முடிக்காமல் தாமாக வெளியேறினால், குடும்பத்தார் அதுவரை பயன்படுத்திய பணம் கடனாகத் திரும்பி வரும்.

வெண்ணிலா எழுதியது:

அக்கா, என் அப்பா விமானப்படை. அவர் மாற்றித் தந்த பலனில் படித்து முடித்தவள் நான், அதனால் பிள்ளைகள் பக்கத்தைச் சொல்கிறேன்.

மனைவி உடனே பயன்படுத்தலாம். பிள்ளைகளுக்கு, அப்பாவோ அம்மாவோ பத்து ஆண்டுப் பணியை முடித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது முடிந்துவிட்டது. பிள்ளை உயர்நிலைப் பள்ளியை முடித்திருக்க வேண்டும், அல்லது 18 வயது ஆகியிருக்க வேண்டும். 26 வயதுக்குப் பிறகு பயன்படுத்த முடியாது. மீதமிருந்தால் அப்பா திரும்ப எடுத்து வேறு பிள்ளைக்குத் தரலாம்.

36 மாதம் என்பது குறைவாகத் தோன்றும். கல்வியாண்டு ஒன்பது மாதம் என்பதால் நான்கு ஆண்டுப் பட்டத்துக்குச் சரியாக வரும். தன் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தால் கட்டணம் முழுவதும் நேராகக் கல்லூரிக்கே போய்விடும். தனியார் கல்லூரி என்றால் ஆண்டுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு; அதற்கு மேலான தொகைக்கு எல்லோ ரிப்பன் திட்டத்தில் சேர்ந்த கல்லூரியா என்று பார்க்க வேண்டும். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை.

பெரிய உதவி மாதாந்திர வீட்டுப்படிதான். குடும்பத்தோடு இருக்கும் இ-5 தரநிலை வீரருக்கு, கல்லூரி இருக்கும் அஞ்சல் குறியீட்டில் என்ன படியோ அதே அளவு. அப்பா பணியில் இருக்கும்போதும் பிள்ளைக்கு இது கிடைக்கும். வருமான வரியும் கிடையாது. ஆனால் பருவ இடைவேளை நாட்களுக்குப் பணம் வராது. டிசம்பர் வாடகைக்கு நவம்பரிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். எல்லா வகுப்பும் இணையவழி என்றால் படி நாட்டுச் சராசரியில் பாதிதான். ஒரு வகுப்பையாவது நேரில் எடுத்துக்கொள்வது நல்லது. மாதா மாதம் வி.ஏ.விலிருந்து வரும் குறுஞ்செய்திக்கு "ஆம், படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு மாதம் விட்டுவிட்டால் படி நின்றுவிடும். இடையில் ஒரு பாடத்தை விட்டால் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதையும் உங்கள் மகளுக்கு அப்போது சொல்லிவையுங்கள்.

தாமிரபரணிப் பெண் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணா, நீங்கள் எழுதியதை என் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கப்பல் நண்பரின் கடைசிப் பிள்ளை கதையைக் கேட்டதும் மில்கனெக்டைத் திறந்துவிட்டார்.

ஆனால் வெண்ணிலா சொன்ன வீட்டுப்படியை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் பணியில் இருக்கும் வரை எனக்கு அந்தப் படி கிடையாது என்று எங்கோ படித்திருக்கிறார். "நீ இப்போது பயன்படுத்தினால் கட்டணம் மட்டும்தான் வரும், மகள் பயன்படுத்தினால் கட்டணமும் படியும் வரும், அதே மாதத்தை ஏன் பாதி விலைக்கு விற்க வேண்டும்?" என்கிறார். எண்களை வைத்துப் பேசும்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நூலகத் தெரு எழுதியது:

தங்கை, நான் டெக்சஸில் ஒரு அரசுக் கல்லூரியில் ராணுவ மாணவர்களுக்கான அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் கணவரும் தரைப்படையில் இருந்தவர். உங்கள் கணவர் சொல்லும் விதி சரி: அவர் முழுநேரப் பணியில் இருக்கும் வரை மனைவிக்கு வீட்டுப்படி கிடையாது, கட்டணமும் புத்தகத் தொகையும் உண்டு. ஆனால் அவர் கணக்கு பாதியில் நிற்கிறது.

உங்கள் மகள் கல்லூரி போகப் பத்து ஆண்டுக்கு மேல் இருக்கிறது. நீங்கள் பட்டம் பெற்றால் அந்த ஆண்டுகள் முழுவதும் செவிலியர் சம்பளத்துக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீட்டுக்கு வரும். மகளின் சில மாத வீட்டுப்படியை அதோடு ஒப்பிட்டால் எது பெரிது என்று அவரே சொல்லட்டும். ராணுவக் குடும்பம் ஊர் ஊராக மாறும்போது மனைவியின் வேலைதான் முதலில் அறுபடும். அதைத் தாங்கும் படிப்புகளில் இது ஒன்று. இந்த மேசையில் உட்கார்ந்து எத்தனையோ மனைவிகள் "பிள்ளைக்கே இருக்கட்டும்" என்று எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கிறது.

படி இல்லாததால் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. வீட்டுப்படி பெறுகிறவர்கள் பாதி நேரத்துக்கு மேல் படித்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குழந்தை பிறந்த பருவத்தில் ஒன்றிரண்டு பாடம் மட்டும் எடுக்கலாம். பாடச் சுமைக்கு ஏற்ற விகிதத்தில்தான் மாதங்கள் கழியும்.

அடுத்தது நமது மாநிலத்துக்கே உரியது: ஹேஸில்வுட் சட்டம். உங்கள் கணவர் டெக்சஸில் படையில் சேர்ந்தவர் என்பதால் கேட்கிறேன், அவருடைய ஆவணங்களில் சேர்ந்த இடம் டெக்சஸ் என்று இருக்கிறதா? இருந்தால், கண்ணியமான விடுவிப்புக்குப் பிறகு, இங்குள்ள அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் நேரம் வரை கட்டண விலக்கு அவருக்கு உண்டு. அவர் பயன்படுத்தாததைப் பிள்ளைக்குத் தரலாம். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, 25 வயதுக்குள், டெக்சஸ் வாசியாக இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கும் புத்தகத்துக்கும் அதில் பணம் இல்லை. மாநிலச் சட்டமன்றம் மாற்றக்கூடியது என்பதால் முழு நம்பிக்கையையும் அதன்மேல் வைக்க வேண்டாம். ஆனாலும் மகளுக்கு ஜி.ஐ. பில் மட்டும்தான் வழி என்ற பயம் குறையும்.

உங்கள் கணவருக்குத் தன் படிப்பு ஏதேனும் மீதி இருந்தால், பணியில் இருக்கும்போதே டியூஷன் அசிஸ்டன்ஸ் திட்டத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை கிடைக்கும். அதற்காக 36 மாதங்களில் கை வைக்க வேண்டாம்.

நீங்கள் முதல் பதிவில் கேட்டு, இன்னும் யாரும் முழுமையாகச் சொல்லாத ஒன்று. ஆம், கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம், திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். மணமுறிவு நேர்ந்தாலும் மாதங்கள் தாமாக ரத்தாவதில்லை. ஆனால் எடுத்துக்கொள்ளும் உரிமை அவரிடமே இருக்கும், அதைக் குடும்பச் சொத்தாக நீதிமன்றத்தில் பங்கு கேட்கவும் முடியாது. உங்கள் வீட்டைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கையெழுத்திடும் முன்பு ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்பதால் எழுதினேன்.

தாமிரபரணிப் பெண் எழுதியது:

அக்கா, உங்கள் பதிலை இரவு இருவரும் சேர்ந்து படித்தோம். சம்பள வித்தியாசத்தை அவரே தாளில் போட்டுப் பார்த்தார். ஆவணத்தில் சேர்ந்த இடம் சான் அன்டோனியோ என்றே இருக்கிறது.

முடிவு இதுதான்: எனக்கு 22 மாதங்கள், மகளுக்கு 13, மீதி ஒன்று குழந்தை பிறக்கும் வரை அவரிடமே இருக்கும்; பிறந்ததும் அது குழந்தையின் பெயருக்குப் போகும். நான் முடித்த பிறகு மிஞ்சுவது பிள்ளைகள் இருவருக்கும். அதற்குள் என் சம்பளத்திலிருந்தும் மகளுக்குத் தனியாகச் சேமிப்பது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அத்தையிடம் அவரே பேசினார். சட்டம் இடம் தரவில்லை என்று கேட்டதும் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "அப்படியானால் மருமகள் படிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். தம்பியின் முதல் பருவக் கட்டணத்துக்கு எங்கள் சேமிப்பிலிருந்து உதவுவதாகச் சொல்லிவிட்டோம். அவன் ஆய்வு உதவியாளர் பணி தரும் பல்கலைக்கழகங்களாகப் பார்த்து விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறான்.

கேரியர் கவுன்சிலரை அடுத்த வாரம் பார்க்கிறார். மில்கனெக்டில் மாதங்களைப் பதிந்து சமர்ப்பித்தும் விட்டார். இனி நான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிடலாமா?

பழைய மாலுமி எழுதியது:

பல்கலைக்கழகத்துக்குத் தாராளமாக விண்ணப்பியுங்கள். 22-1990இ படிவத்தை மட்டும் சற்றே நிறுத்திவையுங்கள். சமர்ப்பித்தது வேறு, ஒப்புதல் வேறு. மறுஒப்பந்தம் பதிவாகாத நிலையில் கோரிக்கை பரிசீலனைக்குப் போனால் நிராகரிக்கப்படலாம். பிறகு புதிதாகச் சமர்ப்பிக்க நேர்ந்தால் நான்கு ஆண்டுக் கணக்கும் புதிய தேதியிலிருந்து தொடங்கும். கவுன்சிலரிடம் போகும்போது சமர்ப்பித்த தேதியை எடுத்துப்போகச் சொல்லுங்கள். மில்கனெக்டில் நிலை "ஒப்புதல்" என்று மாறும் வரை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். மாறியதும் ஒப்புதல் கடிதத்தை அச்செடுத்து, பணி முடிவுத் தேதி சரியாக இருக்கிறதா என்று இருவரும் பார்த்துவிட்டு, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.